புதிய துணிக்கை மாதிரியை மொத்துகைத் தரவுடன் சோதித்தல்: முழுமையான வழிகாட்டி

அறியப்பட்ட அடிப்படைத் துணிக்கைகளையும் விசைகளையும் விவரிக்கும் நியம மாதிரிக்கு அப்பால் ஒரு துணிக்கையைச் சேர்த்து எழுதுவது ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும். அந்தத் துணிக்கையை ஏற்கனவே திரண்டிருக்கும் தரவு மறுத்துவிட்டதா என்று நேர்மையாகச் சொல்வதற்குத்தான் மாதங்கள் எடுக்கும். திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டு முன்விறாந்தையில் சனிக்கிழமைப் பின்னேரங்களில் கூடும் மூன்று பௌதிகவியல் மாணவர்களோடு இந்த வேலையை இரண்டு முறை அடியிலிருந்து செய்து, இரண்டு முறையும் ஒரே இடத்தில் இடறிய பிறகு, படிகளை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது. இடறிய இடம் சரிபார்ப்பு. ஆகவே அந்தப் படியை இங்கே மற்றவற்றைவிட விரித்து எழுதியிருக்கிறேன்.

சொற்களைப் பற்றி ஒரு குறிப்பு. துணிக்கை, திணிவு, உந்தம், மொத்துகை ஆகியவை நம் உயர்தர வகுப்புப் பாடநூல்களின் சொற்கள். மோதல் என்று எழுதினால் இங்கே வாசிப்பவர் மனத்தில் வேறு நினைவுகள் எழும் என்பதால் மொத்துகையையே வைத்துக்கொண்டேன். துணிக்கைகளின் சக்தியையும் திணிவையும் அளக்கும் அலகான கிகா இலத்திரன்வோல்ற்றை ஜிஇவி என்றும், அதன் ஆயிரம் மடங்கை டிஇவி என்றும் சுருக்குகிறேன்.

மாதிரியைத் தெரிந்தெடுத்தல்

முதன்முதலில் செய்பவர் சிக்கலான மாதிரியைத் தொடக்கூடாது. மீசமச்சீர் மாதிரியில் நூற்றுக்கு மேற்பட்ட அளபுருக்கள் உண்டு. அதில் இறங்கினால் பிழை எங்கே நேர்ந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. நாங்கள் எடுத்தது பி-எல் மாதிரி. பேரியன் எண்ணிலிருந்து (குவார்க்குகளைக் கொண்டு கணிப்பது) லெப்டன் எண்ணை (இலத்திரன், மியூவன், நியூத்திரினோ போன்றவற்றை எண்ணுவது) கழித்தால் வரும் எண்ணையே ஓர் ஏற்றமாகக் கொண்டு புதிய விசை ஒன்றை எழுப்புவது இதன் அடிப்படை. குவார்க்குக்கு அந்த ஏற்றம் மூன்றில் ஒன்று, லெப்டனுக்கு மறை ஒன்று. கணிதம் முரணின்றி நிற்க வேண்டுமானால் வலக்கை நியூத்திரினோக்கள் மூன்று (கீழே பார நியூத்திரினோக்கள் என்பவை இவையே) சேர வேண்டும். விசையைக் காவும் இசட் பிரைம் துணிக்கைக்குத் திணிவு கொடுக்க இன்னொரு ஹிக்ஸ் வகைத் துணிக்கையும் வேண்டும்.

இப்போது தாளில் அளபுருக்களை எழுதுங்கள்: இசட் பிரைமின் திணிவு, அதன் இணைப்பு மாறிலி, பார நியூத்திரினோக்களின் திணிவுகள், புதிய ஹிக்ஸின் திணிவு, அது பழைய ஹிக்ஸுடன் கலக்கும் கோணம். இவற்றில் இரண்டை மட்டும் அசையவிட்டு, மற்றவற்றை ஏன் அந்தப் பெறுமானங்களில் நிறுத்தினீர்கள் என்பதை ஒவ்வொரு வரியில் எழுதிவைக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து அந்த வரிகள்தான் உங்களைக் காப்பாற்றும்.

கணினியைத் திறக்குமுன் கையால் கணித்தல்

இசட் பிரைம் எவையாகச் சிதையும் என்பதைக் கடதாசியில் கணிக்கலாம். மின்னேற்றமுள்ள லெப்டன் ஒவ்வொன்றின் பங்கும் 1 என்று கொண்டால், இடக்கைப் பக்கம் மட்டுமே உள்ள இலேசான நியூத்திரினோ ஒவ்வொன்றின் பங்கு 0.5. குவார்க்கின் ஏற்றம் மூன்றில் ஒன்று என்பதால் அதன் வர்க்கம் ஒன்பதில் ஒன்று. மூன்று நிறங்களாலும் பெருக்கினால் ஒரு குவார்க்குக்கு மூன்றில் ஒன்று. மூன்று லெப்டன்களுக்கு 3, மூன்று நியூத்திரினோக்களுக்கு 1.5, ஆறு குவார்க்குகளுக்கு 2. மொத்தம் 6.5. எனவே மியூவன் சோடியாகச் சிதையும் நிகழ்தகவு 1 இன் கீழ் 6.5, அதாவது 15.4 சதவீதம். பார நியூத்திரினோக்களும் போதிய அளவு இலேசாக இருந்தால் அவை மூன்றும் இன்னும் 1.5 பங்கைச் சேர்க்கும். மொத்தம் 8 ஆகி, மியூவனின் பங்கு 12.5 சதவீதமாகக் குறையும்.

சோடிகளின் திணிவுப் பரம்பலில் இசட் பிரைம் எழுப்பும் சிகரத்தின் அகலத்தையும் இங்கேயே பெறலாம். அகலத்துக்கும் திணிவுக்கும் உள்ள விகிதம், இணைப்பு மாறிலியின் வர்க்கத்தை 6.5 ஆல் பெருக்கி 12 பையால் வகுத்தால் வருவது. மாறிலி 0.5 ஆனால் 4.3 சதவீதம், 0.2 ஆனால் 0.7 சதவீதம். மென்பொருள் பிறகு தரும் எண் இதனோடு ஒத்துவராவிட்டால் மாதிரிக் கோப்பில் பிழை இருக்கிறது என்று பொருள். இந்த அரைமணிநேர வேலையைத் தவிர்த்துவிட்டு நேரே கணினிக்குப் போன மாணவர் எவரும் பின்னர் அதற்காக வருந்தாமல் இருந்ததில்லை.

பழைய எல்லைகள்

புரோத்தன்களை மொத்தவிடும் இன்றைய பெரிய இயந்திரமான எல்எச்சியின் தரவுக்குப் போகுமுன் அதற்கு முந்திய இயந்திரம் என்ன சொல்லிற்று என்று பார்க்க வேண்டும். இப்போது எல்எச்சி இருக்கும் அதே 27 கிலோமீற்றர் சுரங்கத்தில் 1989 முதல் 2000 வரை இலத்திரனையும் பொசித்திரனையும் மொத்தவிட்ட லெப் இயந்திரம் ஓடியது. அதன் உச்சச் சக்தி 209 ஜிஇவி அளவுதான். டிஇவி திணிவுள்ள எதையும் அது உண்டாக்கியிருக்க முடியாது. இருந்தும் இசட் பிரைம் என்று ஒன்று இருந்தால் லெப்டன் சோடிகள் பிறக்கும் வீதத்தை அது சற்றே மாற்றியிருக்கும். அந்த மாற்றம் காணப்படவில்லை. அதிலிருந்து பி-எல் மாதிரிக்குக் கிடைக்கும் எல்லை, திணிவை இணைப்பு மாறிலியால் வகுத்தால் வருவது ஏறத்தாழ 7 டிஇவிக்குக் குறையக்கூடாது என்பது. மாறிலி 0.5 என்றால் 3.5 டிஇவிக்குக் கீழே தேடுவது வீண்வேலை.

கலப்புக் கோணத்துக்கு ஹிக்ஸ் அளவீடுகள் போதும். 2012 யூலை 4 அன்று அறிவிக்கப்பட்ட, 125 ஜிஇவி திணிவுள்ள ஹிக்ஸின் சமிக்ஞை வலு (அது பிறந்து சிதையும் வீதம்) நியம மாதிரி எதிர்பார்ப்பதில் 1.002 மடங்கு, வழு 0.057 என்று எல்எச்சியில் ஒரு கருவியை இயக்கும் சீஎம்எஸ் குழு 2022 இல் வெளியிட்டது. இந்த மாதிரியில் அந்த வலு கலப்புக் கோணத்தின் கோசைன் வர்க்கத்தால் குறையும். ஒருபக்க 95 சதவீத எல்லைக்கு வழுவை 1.64 ஆல் பெருக்கிக் கழித்தால் 0.91 வரும், ஆகவே சைன் வர்க்கம் ஏறத்தாழ 0.09 ஐத் தாண்டக்கூடாது. முழுமையான ஒப்பீட்டுக்கு ஹிக்ஸ்டூல்ஸ் என்ற மென்பொருள் இருக்கிறது. நாங்கள் கோணத்தைப் பூச்சியமாக வைத்துவிட்டு முன்னேறினோம்.

வலையின் கண்ணை அளத்தல்

அடுத்து, உங்கள் துணிக்கையைப் பிடிக்கக்கூடிய தேடல் ஆய்வு எது என்று தெரிந்தெடுக்க வேண்டும். இசட் பிரைமுக்கு அது லெப்டன் சோடித் தேடல். எல்எச்சியில் இன்னொரு கருவியை இயக்கும் அட்லஸ் குழு 2015 முதல் 2018 வரையான 13 டிஇவி தரவு முழுவதையும் பயன்படுத்தி, நியம மாதிரியின் இசட் துணிக்கையைப் போலவே இணையும் இசட் பிரைமை 5.1 டிஇவி வரை விலக்கியது. இந்த 5.1 ஐத் தூக்கி உங்கள் மாதிரிக்கு வைக்க முடியாது. உங்கள் துணிக்கையின் இணைப்பும் சிதைவுப் பங்கும் வேறு. கட்டுரையிலிருந்து எடுக்க வேண்டியவை வேறு விடயங்கள்: எந்த உந்தத்துக்கு மேல், எந்தக் கோணத்துக்குள் லெப்டனைக் கணக்கில் எடுத்தார்கள், அகலத்தைப் பொறுத்து எல்லைக்கோடு எப்படி மாறுகிறது, கொடுத்திருக்கும் எண் ஒரு வகை லெப்டனுக்கா இரண்டு வகைக்கும் சேர்த்தா.

திருகோணமலைக் கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. மடியில் கண் சிறிதாகவும், கரையோர இறக்கைகளில் கண் பெரிதாகவும் இருக்கும். மடியில் ஒரு வகை மீன் இல்லை என்றால், அந்த மீன் கடலில் இல்லையா, வலை போன பக்கம் வரவில்லையா, கண்ணால் நழுவிற்றா என்று சம்மாட்டி கேட்பார். தேடல் கட்டுரையையும் அப்படியே வாசிக்க வேண்டும். எதிர்பார்க்கும் நிகழ்வுகளின் எண்ணிக்கை நான்கு எண்களின் பெருக்கம்: குறுக்குவெட்டு (துணிக்கை பிறக்கும் வாய்ப்பு), திரட்டிய ஒளிர்வு (மொத்துகைகளின் திரண்ட அளவு), வடிவியல் ஏற்பு (கருவியின் பார்வைக்குள் விழும் பங்கு), கருவியின் திறன் (விழுந்தவற்றில் கண்டறியப்படும் பங்கு). முதலாவது உங்களுடையது. இரண்டாவது இயந்திரத்தினுடையது; மேலே சொன்ன தேடலுக்கு 139 நேர்மாறு ஃபெம்டோபான் (ஃபெம்டோபான் குறுக்குவெட்டின் அலகு). கடைசி இரண்டும் வலைக்கண்.

எல்லைக்கோடுகளும் வெட்டு அட்டவணைகளும் (ஒவ்வொரு தெரிவு நிபந்தனைக்குப் பின்னும் எத்தனை நிகழ்வுகள் எஞ்சின என்ற பட்டியல்கள்) ஹெப்டேட்டா என்ற திறந்த களஞ்சியத்தில் எண்களாகவே கிடைக்கின்றன. படத்திலிருந்து அடிமட்டம் வைத்து அளக்கும் காலம் போய்விட்டது. மூலத்தரவே வேண்டுமானால் அதுவும் உண்டு: அட்லஸ் குழு 2024 இல் 2015, 2016 ஆம் ஆண்டுகளின் ஏறத்தாழ 65 டெராபைட் ஆய்வுத்தரத் தரவைப் பொதுவில் வைத்தது. ஆனால் ஒரு மாதிரியைச் சோதிக்க அது தேவையில்லை. எங்கள் இணைய வேகத்தில் அதைத் தரவிறக்க நினைப்பதும் வீண்.

மென்பொருட் சங்கிலி

மாதிரியின் இலக்ராஞ்சியனை (துணிக்கைகளும் அவற்றின் இடைத்தாக்கங்களும் அடங்கிய அடிப்படைக் கோவை) ஃபெயின்ரூல்ஸ் அல்லது சாரா என்ற மென்பொருள் வழியாக எழுதி மாதிரிக் கோப்பைப் பெறுங்கள். பி-எல் மாதிரிக்கு ஆயத்தமான கோப்பும் ஃபெயின்ரூல்ஸ் தளத்தில் இருக்கிறது. அதை மேட்கிராஃபிடம் கொடுத்தால் அது அடிப்படை மொத்துகைகளை உருவாக்கும். பித்தியா அவற்றிலிருந்து பிறக்கும் துணிக்கைத் தாரைகளையும் சிதைவுகளையும் சேர்க்கும். டெல்ஃபிஸ் அவற்றை ஒரு கருவி எப்படிக் காணும் என்று தோராயமாகக் காட்டும்.

இந்தச் சங்கிலியில் பலர் விழும் குழி அகலம். திணிவை மாற்றிவிட்டு அகலத்தைப் பழைய எண்ணிலேயே விட்டால், ஒடுங்கிய சிகரத்தின் குறுக்குவெட்டு அந்தப் பிழையின் நேர்மாறு விகிதத்தில் பொய்யாகும்: கோப்பிலுள்ள அகலம் உண்மையில் காற்பங்கானால் விடை நான்கு மடங்காக வரும். மேட்கிராஃப் அட்டையில் (அதன் அமைப்புக் கோப்பில்) அகலத்துக்கு எதிரே ‘ஓட்டோ’ என்று இட்டு ஒவ்வொரு புள்ளியிலும் புதிதாகக் கணிக்கச் செய்யுங்கள். வந்த எண்ணை முன்னர் கையால் கணித்ததோடு ஒப்பிடுங்கள்.

நிகழ்வுகளைச் சிறு தொகுதிகளாக, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு விதை எண் (தற்செயல் எண் வரிசையைத் தொடக்கும் எண்) கொடுத்து உருவாக்குவது நல்லது. 2022 இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் நின்ற நாட்களில் கற்றுக்கொண்டது இது. பத்தாயிரம் நிகழ்வுகள் கொண்ட தொகுதி அறுந்தால் அதை மட்டும் திரும்ப ஓட்டலாம். இரண்டு இலட்சம் ஒரே ஓட்டத்தில் அறுந்தால் இரவு முழுவதும் போய்விடும். விதை எண்ணை மாற்ற மறந்தால் ஒரே நிகழ்வுகளையே இருபது தரம் எண்ணுவீர்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

சரிபார்ப்பு

உங்கள் மாதிரியை இன்னும் தொட வேண்டாம். கட்டுரையில் அவர்கள் சோதித்த மாதிரியை முதலில் உங்கள் சங்கிலியில் ஓட்டி, அவர்களுடைய எண்களைத் திரும்பப் பெற வேண்டும். இதைச் செய்யாமல் வரைந்த எல்லைக்கோடு எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை நான் நம்புவதில்லை.

வெட்டு அட்டவணைதான் இதற்குக் கருவி. மொத்த நிகழ்வுகள், இரண்டு லெப்டன் உள்ளவை, உந்த எல்லையைக் கடந்தவை, தனித்து நிற்பவை என்று படிப்படியாக எத்தனை எஞ்சுகின்றன என்பதை வரிசையாக எழுதி, அவர்களுடைய வரிசையோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடைசி எண் ஒத்துவந்தால் மட்டும் போதாது. இரண்டு பிழைகள் ஒன்றையொன்று கழித்துக் கடைசி எண்ணைச் சரியாகக் காட்டுவது அடிக்கடி நடக்கும்.

எங்கள் முதல் அட்டவணை வந்த இரவு நன்றாக நினைவிருக்கிறது. மாணவி ஒருவர் மடிக்கணினியை என் பக்கம் திருப்பி, “சேர், எங்கட எண்ணிக்கை அவங்கட எண்ணிக்கையில பாதிதான் வருது” என்றார். எந்த வரியிலிருந்து பாதி என்று கேட்டேன். முதல் வரியிலிருந்தே என்றார். வெட்டு எதுவும் தொடங்காத முதல் வரியே பாதி என்றால் கருவியைக் குற்றம் சொல்ல இடமில்லை. கட்டுரையின் எண் இலத்திரன் சோடியையும் மியூவன் சோடியையும் சேர்த்தது. நாங்கள் மியூவனை மட்டுமே உருவாக்கியிருந்தோம். அன்றிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறோம்: வித்தியாசம் துல்லியமாக இரண்டு மடங்கோ ஆயிரம் மடங்கோ ஆனால் பிழை மனிதருடையது, முன்னது எண்ணும் முறையில், பின்னது பிக்கோபானையும் ஃபெம்டோபானையும் குழப்பியதில். 0.8, 1.3 என்று அரைகுறையாக வந்தால் கருவியின் பக்கம் தேடுங்கள்.

அரைகுறையான வித்தியாசமும் வந்தது. முதல் வரி சரியான பிறகு, மியூவன் தெரிவு வரியில் எங்களிடம் ஏறத்தாழக் காற்பங்கு அதிகமாக எஞ்சியது. டெல்ஃபிஸோடு வரும் அட்லஸ் அட்டை, மையப் பகுதியிலுள்ள மியூவன்களில் நூற்றுக்கு 95 கண்டறியப்படும் என்று கொள்கிறது. சாதாரண உந்தத்துக்கு அது பொருந்தும். ஆனால் டிஇவி உந்தமுள்ள மியூவனின் பாதை காந்தப்புலத்தில் வளைவது மிகச் சொற்பம். உந்தத்தைப் பிழையாக அளந்தால் இல்லாத சிகரம் தோன்றும் என்பதால், வெளி மியூவன் அறைகளின் மூன்று அடுக்கிலும் தடம் பதித்தவற்றை மட்டுமே இத்தகைய தேடல்களில் ஏற்கிறார்கள். கடுமையான அந்தத் தெரிவில் திறன் கணிசமாகக் குறையும். அட்டையிலுள்ள 95 ஐ எடுத்துவிட்டு, குழு வெளியிட்ட திறன் வளைவை உந்தத்துக்கு ஏற்ப எழுதிப் போட்டதும் வரிகள் நெருங்கின. இதே காரணத்தால் மியூவன் சோடியின் சிகரம் இலத்திரன் சோடியின் சிகரத்தைவிட அகன்றிருக்கும்: ஒரு டிஇவி மியூவனின் உந்தத்தைப் பத்து சதவீத அளவுக்குத்தான் அளக்க முடியும், இலத்திரனின் சக்தியை ஒரு சதவீத அளவுக்கு அளக்கலாம்.

எவ்வளவு நெருங்கினால் போதும்? ஒவ்வொரு வரியிலும் இருபது சதவீதத்துக்குள் வந்தால் நான் மேலே போவேன். டெல்ஃபிஸ் தோராயம்தான்; அதற்கு மேல் கேட்பது அநியாயம். செக்மேட், மேட்அனாலிசிஸ் ஆகியவற்றில் முன்னரே சரிபார்த்துப் பதிந்த தேடல்கள் பல இருக்கின்றன. உங்கள் தேடல் அவற்றில் இருந்தால் அதையே எடுங்கள். இருந்தாலும் ஒரு முறையாவது ஓர் அட்டவணையைக் கையால் கட்டிப் பார்ப்பது நல்லது.

புள்ளிவிவரத் தீர்ப்பு

எண்ணிக்கை கிடைத்தபின் மாதிரி விலக்கப்பட்டதா என்று சொல்ல, துறையில் சீஎல்எஸ் என்ற முறையைப் பயன்படுத்துகிறார்கள். சமிக்ஞையும் (புதிய துணிக்கையின் நிகழ்வுகள்) பின்னணியும் (நியம மாதிரியின் நிகழ்வுகள்) சேர்ந்திருந்தால், காணப்பட்டதற்குச் சமமாகவோ குறைவாகவோ எண்ணிக்கை வரும் நிகழ்தகவை, பின்னணி மட்டும் இருந்தால் அப்படி வரும் நிகழ்தகவால் வகுக்க வேண்டும். விடை 0.05 க்குக் குறைந்தால் 95 சதவீத நம்பிக்கையில் விலக்கு. வகுப்பது ஏன் என்பதைப் பூச்சிய நிகழ்வுகள் காணப்பட்ட பகுதியில் நன்றாகக் காணலாம். மேலுள்ளது மறை அடுக்கில் சமிக்ஞையும் பின்னணியும் சேர்ந்த அடுக்குக்குறிச் சார்பு, கீழுள்ளது பின்னணி மட்டும். வகுத்தால் பின்னணி முழுதாகக் கழிந்து, சமிக்ஞை 3.0 ஐத் தாண்டினால் விலக்கு என்ற எளிய விதி எஞ்சும். பின்னணி தற்செயலாகக் குறைந்த அதிர்ஷ்டத்தைக் கொண்டு, தேடலுக்கு எட்டாத மாதிரியை எவரும் விலக்கிவிடாமல் அந்த வகுத்தல் காக்கிறது.

மிக உயர்ந்த திணிவில், பின்னணியே இல்லாத இடத்தில், இந்த 3 ஐக் கொண்டு கைக்கணக்குப் போடலாம். ஏற்பும் திறனும் சேர்ந்து 0.6 என்று வையுங்கள். 3 ஐ 139 ஆலும் 0.6 ஆலும் வகுத்தால் 0.036 ஃபெம்டோபான். உங்கள் துணிக்கையின் குறுக்குவெட்டும் சிதைவுப் பங்கும் சேர்ந்த பெருக்கம் இதற்குக் கீழே விழும் திணிவுதான் உங்கள் எல்லை. கட்டுரையின் எல்லைக்கோடும் இதே பருமனில் நின்றால் நீங்கள் வழிதவறவில்லை.

தேடலில் பல பகுதிகள் இருந்தால், எதிர்பார்க்கும் உணர்திறன் கூடிய பகுதியைக் கொண்டே தீர்ப்புச் சொல்ல வேண்டும்; காணப்பட்ட எண்ணைப் பார்த்துவிட்டுப் பகுதியைத் தெரியக்கூடாது. கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணற்றிலும் கைவைத்துப் பார்த்துவிட்டு, ஆகச் சூடானதை மட்டும் சொல்லிக் கன்னியாத் தண்ணீர் இவ்வளவு கொதிக்கும் என்பதைப் போன்றது அது. பகுதிகளைச் சேர்க்க வேண்டுமானால் அவற்றுக்கிடையிலான தொடர்பு தெரிய வேண்டும். சில தேடல்களுக்கு அட்லஸ் குழு முழு நிகழ்தகவுச் சார்பையே வெளியிட்டிருக்கிறது, பைஎச்எஃப் மென்பொருளால் அதை நேரடியாக வாசிக்கலாம்.

மேலதிகம் ஒன்று தென்பட்டாலும் பதறக்கூடாது. 2015 டிசெம்பரில் 750 ஜிஇவி அளவில் இரண்டு போட்டோன்களாகச் சிதையும் ஏதோ ஒன்று இருப்பதுபோல் அட்லஸும் சீஎம்எஸும் காட்டின. 2016 ஓகஸ்டில் கூடுதல் தரவு வந்ததும் அது மறைந்தது. இடையிலான எட்டு மாதங்களில் அதை விளக்கி ஏறத்தாழ 500 கட்டுரைகள் எழுதப்பட்டுவிட்டன. பல திணிவுகளில் தேடும்போது எங்கோ ஓரிடத்தில் துள்ளல் வருவது இயல்பு; எத்தனை இடங்களில் தேடினோம் என்பதற்கான திருத்தத்தைச் செய்யாத முக்கியத்துவ எண்ணுக்குப் (துள்ளல் எவ்வளவு அரிது என்று சொல்லும் எண்) பெறுமதி குறைவு.

வருடலும் வாசிப்பும்

திணிவு ஓர் அச்சிலும் இணைப்பு மாறிலி மற்ற அச்சிலும் நிற்கும் வலையமைப்பில் புள்ளிகளை வையுங்கள். முதலில் ஐதாக வைத்து, எல்லை போகும் தடம் தெரிந்தபின் அதன் இருபுறமும் மட்டும் நெருக்கமாக வைத்தால் ஓட்டங்கள் பாதியாகக் குறையும். லெப் எல்லை இந்தப் படத்தில் சாய்ந்த நேர்கோடாக விழும். எல்எச்சி எல்லை வளைகோடு. புரோத்தனின் உள்ளடக்கப் பரம்பல் உயர்ந்த திணிவில் நன்கு தெரியாததால், வளைகோட்டை ஒற்றைக் கோடாக அன்றி ஒரு பட்டையாக வரைய வேண்டும். மாறிலி கூடக்கூட அகலமும் கூடுவதால், ஒடுங்கிய சிகரத்துக்கான எல்லைக்கோட்டை அங்கே பயன்படுத்துவது தவறு. கையால் கணித்த 4.3 சதவீதத்துக்கு நெருங்கிய அகலக்கோட்டையே எடுக்க வேண்டும்.

கடைசியாக, வலைக்கண்ணால் நழுவியவற்றைக் கணக்கில் எடுங்கள். பார நியூத்திரினோக்கள் இலேசான பக்கத்தில் லெப்டன் சோடியின் பங்கு 15.4 இலிருந்து 12.5 ஆகக் குறைவதால் எல்லை சற்றுத் தளரும். அந்தத் தளர்வு பட்டையின் அகலத்துக்குள் அடங்கிவிடும் என்பதை நாங்கள் வரைந்தபின்தான் கண்டோம். அதைவிட முக்கியமானது அந்த நியூத்திரினோக்களின் சொந்த வாழ்நாள். இலேசான நியூத்திரினோக்களுடன் அவற்றுக்குள்ள கலப்பு மிகச் சிறிதானால் அவை மொத்துகைப் புள்ளியிலிருந்து மில்லிமீற்றர்களோ மீற்றர்களோ தள்ளிப்போய்ச் சிதையும். அங்கே பிறக்கும் மியூவனை, மையத்திலிருந்து தொடங்காத தடம் என்று சாதாரணத் தேடல் தானே ஒதுக்கிவிடும். அந்த மியூவன்களைத் தேட, இடம்பெயர்ந்த சிதைவுப் புள்ளிகளுக்கான தனித் தேடல்கள் இருக்கின்றன. அவற்றின் திறன் தூரத்தைப் பொறுத்து மாறுவதால் டெல்ஃபிஸின் சாதாரண அட்டை அங்கே செல்லாது. குழு வெளியிட்ட தூரத்திறன் அட்டவணையை வாங்கி, வெட்டு அட்டவணையின் முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். வரும் சனிக்கிழமை நாங்கள் தொடங்கப்போவதும் அதைத்தான்.